தோல் குடித்த சாயம்

மலைக்கு நடந்து போகிறவர்களின் பாதையில், கோரைக்காடு முடிந்து வெற்றிலைக் கொடிக்கால் தொடங்குகிற இடத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு சமையற்கட்டு, நடந்து சலித்தவர்கள் காலை நீட்டிக்கொள்ள ஒரு நீளக் கூடம். பக்கத்தில் ஒரு வாய்க்கால்.

வாய்க்கால் மேற்கே மேலத்தெருவிலிருந்து வந்தது. அங்கே பாய் நெய்கிற கோரைக்குச் சாயம் போடுகிற பட்டறை இருந்தது. மடத்தைத் தாண்டிக் கிழக்கே கீழ்மடைக்குப் போனது. அங்கே கொடிக்கால்காரர்கள் இருந்தார்கள். மேலத்தெருவில் இன்றைக்கு என்ன நிறம் காய்ச்சுகிறார்கள் என்று அறிய யாரும் மேலத்தெருவுக்குப் போக வேண்டியதில்லை. வாய்க்காலை எட்டிப் பார்த்தால் போதும்.

தண்ணீர் குங்குமமாக ஓடினால், "இன்னைக்குக் கல்யாணப் பாய் போலிருக்கு" என்பார்கள். பச்சையாக ஓடினால், "கடைக்குப் போற பாய்."

மடத்தை நடத்தியவர் பச்சைநாயகி. நாற்பது வயது இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் அவரை அம்மா என்றார்கள். அவருடைய சீடர் செங்கோடன் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவரும் அம்மா என்றுதான் கூப்பிட்டார். பச்சைநாயகி அவரை அண்ணா என்றார். புதிதாகக் கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் குழம்பும். அவர்கள் இருவருக்கும் குழம்பவில்லை.

வாய்க்காலைச் சிவக்க வைத்த பட்டறை செங்கோடனுடையதுதான்.

அவர் பட்டறையை விட்டு வந்த கதை சின்னது. மகள் பூவாத்தாளைக் கீழ்மடையில் கட்டிக்கொடுத்திருந்தார். ஒருநாள் அவள் இடுப்பில் குடத்தோடு பட்டறைக்கு வந்தாள். குடத்தை அவர் முன்னால் இறக்கினாள். உள்ளே தண்ணீர் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது.

"எங்க கிணத்துத் தண்ணிப்பா. குடிங்க."

செங்கோடன் குடத்தைப் பார்த்தார். கை நீளவில்லை.

"கொடிக்கால்ல இலையெல்லாம் சுருண்டு கருகுது. மாசி பொறந்தா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஆத்துக்கு அக்கரைக்குப் போயிடறோம். போனா இந்தத் திக்குல தலை வெச்சுப் படுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கே செங்கோடன் பட்டறைச் சாவியை மகன் மயில்சாமியிடம் நீட்டினார். "இது பாவத் தொழிலுப்பா. நான் விட்டுட்டேன்."

மயில்சாமி சாவியை வாங்கிக்கொண்டே சொன்னான், "இத்தனை வருசம் தின்னு ஏப்பம் விட்டாச்சு. இப்பத்தான் பாவம்னு தெரியுதாக்கும். அதை என் தலையில கட்டிட்டு நீங்க பரதேசம் போறீங்க. போங்க, போங்க."

மடத்துக்கு வந்த செங்கோடன் பச்சைநாயகியிடம் கேட்ட முதல் வரம் காவி.

"எனக்குக் காவி குடுங்கம்மா. எல்லாத்தையும் விட்டுட்டேன்."

"வேட்டி வெள்ளையாத்தான இருக்கு. காவிக்கு எங்கண்ணா போறது?"

"சாயம் போட்டுக்கலாம்."

"எந்தக் கொப்பரையில காய்ச்சுவீங்க?"

"எங்க பட்டறையிலயே…"

"போட்டுட்டு, மிச்சத் தண்ணியை?"

அதற்குப் பிறகு செங்கோடன் காவிப் பேச்சை எடுக்கவில்லை.

பச்சைநாயகி அவருக்குக் கொடுத்த வேலை தோல் அள்ளுவது. மலைக்குப் போகிறவர்களுக்கு அந்த மடத்தில் பஞ்சாமிர்தம் கொடுப்பது வழக்கம். கார்த்திகை முடியும்போதே கூட்டம் வரத் தொடங்கிவிடும். மலை வாழைப்பழம் தார் தாராக வந்து இறங்கும். பழம் அண்டாவுக்குள் போகும். தோல் கொல்லைக்கு வரும். மாடுகள் தின்ற வரைக்கும் தின்றன. பிறகு அவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. மிச்சத்தைச் செங்கோடன் கொல்லையில் பரப்பினார். வெயிலில் சுருண்டதை வாரி, வாய்க்கால் ஓரமிருந்த பள்ளத்தில் கொட்டினார்.

ஒவ்வொரு கூடையையும் கொட்டும்போது வாய்க்காலைப் பார்ப்பார். ஒரு நாள் சிவப்பு. ஒரு நாள் ஊதா.

"நான் விட்டுட்டேம்மா. சாயம் விட மாட்டேங்குதே."

"தோல் நிறைய சேர்ந்திருச்சுங்கண்ணா. அள்ளுங்க," என்பார் பச்சைநாயகி.

மார்கழியில் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. மழை விட்ட பிறகு, மேலத்தெருவிலிருந்து மிதந்து வந்த கோரைக்கட்டு ஒன்று வாய்க்காலில் குறுக்காகச் சிக்கிக்கொண்டது. தண்ணீர் கரை மீறிப் பள்ளத்துக்குள் இறங்கி நின்றது. அடுத்த நாள் கூடையோடு போன செங்கோடன், கூடையை இறக்கவும் மறந்து நின்றுவிட்டார்.

வாய்க்கால் குங்குமமாக ஓடிக்கொண்டிருந்தது. கை எட்டும் தூரத்தில், பள்ளத்துத் தண்ணீருக்குள் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது.

குனிந்து ஒரு தோலை எடுத்தார். வெயிலில் கறுத்திருந்த தோல் இப்போது உள்ளும் புறமும் சிவந்திருந்தது. சாயக்காரன் கண்ணுக்கு அது போதாதா? கோரை நிறம் குடிப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண்.

"குடிச்சிருச்சு," என்றார் தனக்குத்தானே.

அவர் மடத்துக்கு ஓடிப் போய்ச் சொல்வதற்குள், நடந்து வந்த கூட்டத்தில் இரண்டு பேர் பள்ளத்துத் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தர் பாட்டிலில் பிடித்தார்.

"சாயத் தண்ணி நடுவுல தெளிஞ்ச தண்ணி. முருகன் செயலுங்க," என்றார் அவர்.

பின்னால் வந்த பச்சைநாயகி பாட்டிலை மெல்ல வாங்கிக் கவிழ்த்தார். "தீர்த்தம் இல்லைங்க. எங்க குப்பைக்குழி. குடிச்சுட்டு மலை ஏறாதீங்க, பாதியில உட்கார்ந்துக்குவீங்க." பிறகு செங்கோடனிடம் திரும்பி, "முள்ளு வெட்டிச் சுத்தி வேலி போட்டுடுங்கண்ணா" என்றார்.

"அம்மா, தோல் சாயத்தைக் குடிக்குது. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பூவாத்தா கிணறு தெளிஞ்சிடும்மா."

பச்சைநாயகி காலிப் பாட்டிலை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. மாசிக்கு நாள் குறுகிக்கொண்டு வந்தது. காயும் வரை பொறுக்க மனமில்லாமல், அன்றன்றைய பச்சைத் தோலையெல்லாம் கூடை கூடையாக வாய்க்காலிலேயே கொட்டினார். குடிக்கிறது குடிக்கட்டும் என்று.

தோல் நிற்குமா? தண்ணீரோடு போனது. கீழ்மடை மதகில் போய் அடைத்துக்கொண்டு அங்கேயே அழுகியது. பூவாத்தாளே மடத்துக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே கேட்டாள்.

"நிறம் பத்தாதுன்னு இப்ப நாத்தமும் சேர்த்து அனுப்பறீங்களாப்பா?"

"இல்ல அம்மணி, தோல் சாயத்தை…"

"மதகுல உங்க மாப்பிள்ளை இடுப்பளவுத் தண்ணியில நின்னு அள்ளிக்கிட்டிருக்காரு. வந்து அவருகிட்டச் சொல்லுங்க."

செங்கோடன் போனார். மருமகனும் மாமனாரும் சேர்ந்து மதகைச் சுத்தம் செய்தார்கள்.

திரும்பி வந்தவர் யோசித்தார். தப்பு எங்கே என்று அவருக்குப் பிடிபட்டது போலிருந்தது. பச்சைக் கோரை சாயம் பிடிக்குமா? பிடிக்காது. காய வேண்டும். காய்ந்த கோரை குளிர்ந்த தண்ணீரில் நிறம் ஏறுமா? ஏறாது. கொதிக்க வேண்டும். சூடு ஏறாமல் நிறம் ஏறாது என்பது அவர் அப்பன் சொல்லிக் கொடுத்த பாடம். காய்ந்த தோலை வாரிக்கொண்டு வந்தார். வாய்க்கால் தண்ணீரை அண்டாவில் ஊற்றினார். தோலைப் போட்டுக் கொதிக்க விட்டார்.

மடத்துச் சமையற்காரர் ராசப்பன் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு என்னங்கண்ணா? கண்ணால பாத்தாப் புளிக்குழம்பு. மூக்கால பாத்தாச் சாக்கடை."

"சும்மா இருய்யா."

"அண்டா நம்ம சாம்பார் அண்டா. அதுக்காகக் கேட்டேன்."

தோல் குழைந்து கூழானது. தண்ணீர் சிவப்பு மாறிப் பழுப்பும் சிவப்புமாகக் கலங்கியது. ஆற வைத்தார். வடிகட்டினார். இன்னும் கலங்கியது. சாயங்காலம் பச்சைநாயகி முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒண்ணும் ஓடலைம்மா. பள்ளத்துல தானாத் தெளிஞ்சது, நான் கை வெச்சாக் கலங்குது. நான் தொட்டதெல்லாம் இப்படித்தான்."

பச்சைநாயகி கொல்லையிலிருந்து காய்ந்த தோல் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு வெண்கலக் கிண்ணத்தில் குடிதண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டார். இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தோலைச் சுற்றிப் பழுப்பு கசிந்தது. பிறகு கிண்ணம் முழுக்கப் பரவியது.

"இது யாரு நிறம்?"

"தோலோட நிறம்."

"அது இன்னும் தன் கதையைச் சொல்லிக்கிட்டிருக்கு. உங்க சாயம் சொல்றது அதுக்கு எப்படிங்கண்ணா கேக்கும்?"

செங்கோடன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பள்ளத்துக்கு முதல்ல வந்தது வாய்க்காலா, மழையா?"

செங்கோடன் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினார். மறுபடி பழுப்பு. கொட்டினார். ஊற்றினார். ராசப்பன் சாப்பிடக் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. கடைசியில் தோல் கிண்ணத்துக்குள் சும்மா கிடந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோலைக் காய வைத்தார். உரலில் இடித்தார். பழுப்பு அடங்கும்வரை கிணற்றுத் தண்ணீரில் அலசினார். மறுபடி காய வைத்தார். வாய்க்காலிலிருந்து முகந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, அந்தத் தூளைப் போட்டுக் கிளறிவிட்டு, சூடு காட்டாமல் சும்மா விட்டார். அடுப்பு இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. ஒருதரம் கைபொறுக்காமல் சுள்ளி பொறுக்கக்கூடப் போய்விட்டார். பாதியில் திரும்பி வந்தார்.

தூள் அடியில் படிந்தது. மேலே நின்ற தண்ணீரில் அவர் முகம் தெரிந்தது.

ஒரு குடத்தில் மொண்டு, தலையில் வைத்துக்கொண்டு கீழ்மடைக்கு நடந்தார். பூவாத்தாள் கொடிக்கால் ஓரத்தில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு சாக்கு வாய் கட்டி நின்றது. குடத்துக்குள் பார்த்தாள். கையை விட்டு அளைந்தாள்.

"இது வாய்க்கால் தண்ணியா?"

"ஆமா அம்மணி. தெளிய வெச்சேன். குடிக்க வேண்டாம். ஆனா நிறம் இல்ல பாரு."

"மடத்துல வெச்சா தெளிய வெச்சீங்க?"

"ஆமா."

பூவாத்தாள் குடத்தைத் தூக்கிப் போய்க் கிணற்றுமேட்டில் நின்றாள். அப்படியே கிணற்றுக்குள் கவிழ்த்தாள். தெளிந்த தண்ணீர் கத்திரிப்பூ நிறத்துக்குள் விழுந்து காணாமல் போனது.

"நல்ல தண்ணிதாம்ப்பா," என்று காலிக் குடத்தை அவரிடம் கொடுத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மடத்துக்கு வந்து குடத்தை ஓரமாக வைத்தார்.

"குடம் தெளிஞ்சுதும்மா. மகள் தெளியல."

"ஒரு குடம்தான கொண்டு போனீங்க?"

"ஆமா. அதை அவ கிணத்துல ஊத்திட்டா. கிணறு வாங்கிக்கிட்டு அப்படியே இருந்துச்சு. நாளைக்கு ரெண்டு குடம் கொண்டு போறேன். உசுரு இருக்கிற வரைக்கும் கொண்டு போறேன்."

பச்சைநாயகி எழுந்தார். கூடத்துக்குள் போய்ச் செங்கோடன் படுக்கிற பாயைச் சுருட்டினார். கொல்லையில் இடித்து அலசிய தூள் சாக்கில் கட்டியிருந்தது. பாயைக் கொண்டுவந்து அந்தச் சாக்கின்மேல் வைத்தார்.

"என்னைப் போகச் சொல்றீங்களாம்மா?"

"தண்ணி எந்த இடத்துல நிறம் மாறுது?"

"…பட்டறையில."

"மடம் பட்டறைக்குக் கீழ இருக்குங்கண்ணா."

"அங்க மயில்சாமி இருக்கானே. என்ன பேசுவான்னு உங்களுக்குத் தெரியாது."

"பேசட்டும்," என்றார் பச்சைநாயகி.

பாயையும் சாக்கையும் தூக்கிக்கொண்டு செங்கோடன் பட்டறை வாசலில் போய் நின்றபோது, மயில்சாமி கொப்பரை முன்னால் கோரைக்கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் ஆவி. அப்பனைப் பார்த்ததும் கம்பைக் கீழே வைத்தான்.

"வாங்க சாமியாரே. பிச்சையா? தட்டு எங்க?"

செங்கோடன் சாக்கை இறக்கினார்.

மயில்சாமி பேசினான். சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனதைப் பேசினான். தங்கச்சி எதிரில் வந்தால் முகம் திருப்பிக்கொள்வதைப் பேசினான். கீழ்மடைக்காரர்கள் தேநீர்க்கடையில் வைத்து அவனைக் கேட்ட கேள்விகளைப் பேசினான். "உங்களைக் கேக்கலீங்க. நீங்கதான் புண்ணியவான் ஆயிட்டீங்களே. என்னைக் கேட்டாங்க." பட்டறையை மூடினால் பாய் நெய்கிற நாற்பது தறிக்காரன் சோற்றுக்கு யார் வழி என்று கேட்டான். அப்பன் ஒருநாளும் தன்னிடம் ஒரு வார்த்தை கலந்து பேசவில்லை என்றான். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. உடைந்ததற்காக இன்னும் சத்தமாகப் பேசினான்.

செங்கோடனுக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் வந்தது. கொப்பரையில் நுரை ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நின்றார். மகன் பேசி ஓய்ந்த பிறகும் கொஞ்சம் பொறுத்தார், மிச்சம் ஏதாவது இருந்தால் வரட்டும் என்று.

மிச்சம் இல்லை. மயில்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தான். சாக்கைக் காலால் தொட்டான்.

"இது என்ன?"

"வாழைத்தோல். சாயத்தைக் குடிக்கும்."

"மடத்துல கஞ்சா கிஞ்சா குடுக்கறாங்களா?"

"கழிவுத் தண்ணி வெளிய போற வழியில தொட்டி வெச்சுக்கறேன். உன் வேலைக்குக் குறுக்க வர மாட்டேன்."

மயில்சாமி கம்பை எடுத்துக்கொண்டு மறுபடி கொப்பரைப் பக்கம் திரும்பினான். "அந்த மூலையில வெச்சுக்குங்க," என்றான் பார்க்காமலே.

கொப்பரையிலிருந்து வருகிற தண்ணீர் வாய்க்கால் தண்ணீர் போல அல்ல. கெட்டிச் சாயம். கொண்டுவந்த தூள் அதை ஒரே மிடறில் குடித்துவிட்டு மயங்கிக் கிடந்தது. தண்ணீர் சிவப்பிலிருந்து சிவப்புக்குத்தான் வந்தது. மூன்று தொட்டிகளை வரிசையாக வைத்து, ஒன்றில் தெளிந்ததை அடுத்ததில் இறக்கினார். தோல் போதவில்லை. மடத்திலிருந்து சுமந்தார். பேருந்து நிலையத்துப் பழக்கடைகளில் கேட்டார். "மாடு வளர்க்கறீங்களா தாத்தா?" என்றார்கள். "ஆமா, மூணு தொட்டி மாடு" என்றார். சாயம் ஏறிய தோலை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. இப்போதைக்குக் களிமண் பூசிய குழியில் சேர்த்து மூடி வைத்தார்.

தெருவில் அவருக்குப் பேர் வைத்தார்கள். தோல் சாமியார்.

ஒருநாள் மயில்சாமி கடைசித் தொட்டியருகே வந்து நின்றான். கையை உள்ளே விட்டு, வெளியே எடுத்துப் பார்த்தான். உள்ளங்கை ரேகையில் நிறம் ஒட்டவில்லை.

"இதை ஏன் வெளிய விடறீங்க?"

"பின்ன?"

"அடுத்த கட்டுக் கோரையை ஊற வைக்கத் தண்ணி வேணும்ல. இதுலயே ஊற வைக்கலாமே. கிணத்துல இறைக்கிற வேலையும் மிச்சம்."

செங்கோடன் மகனைப் பார்த்தார். இத்தனை வருசம் சாயம் காய்ச்சிய தனக்கு அது தோன்றவில்லையே என்று நினைத்தார். சொல்லவில்லை. "வாளியை எடுத்துட்டு வா," என்றார்.

வாய்க்கால் ஒரேயடியாகத் தெளிந்துவிடவில்லை. குங்குமமாக ஓடியது ரோஜாவாக வெளுத்தது. பிறகு சில நாள் அரிசி களைந்த தண்ணீர் போல ஓடியது. இன்றைக்கு என்ன பாய் என்று வாய்க்காலைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்று ராசப்பன் குறைப்பட்டுக்கொண்டார்.

மாசி பிறந்தது.

காலையிலேயே பூவாத்தாள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். தலையில் ஒரு சாக்கு. தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்த செங்கோடனுக்கு, சாக்கைப் பார்த்ததும் கை ஓய்ந்தது. அக்கரைக்குப் போகிற வழி இதுவல்ல. இருந்தாலும் சொல்லிக்கொண்டு போக வந்திருப்பாள்.

"கிளம்பியாச்சா அம்மணி?"

பூவாத்தாள் சாக்கை இறக்கி வாயை அவிழ்த்தாள். உள்ளே பிழிந்துபோட்ட சாத்துக்குடித் தோல். வாசனை பட்டறையின் ஆவியைத் தாண்டி வந்தது.

"சந்தைப்பேட்டை ஜூஸ் கடையில சும்மா கொட்டிக் கிடந்துச்சு," என்றாள். அப்பனைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தாள். "உங்க மாப்பிள்ளை இன்னொரு போகம் இருந்து பாக்கலாம்ங்கறாரு. கீழ் வரிசையில நாலு கொடி துளிர் விட்டிருக்கு."

"கிணறு?"

"கிணறு இன்னும் அப்படியேதான் இருக்கு. அது சீக்கிரம் மறக்காது." கொஞ்சம் நின்று கேட்டாள், "வாழைத்தோல் மட்டும்தானா? இது ஆகாதா?"

செங்கோடன் ஒரு தோலை எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்தார். கனமான தோல். உள்ளே வெள்ளைச் சதை. மேலே எண்ணெய்ப் பிசுக்கு. அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று மகளிடம் சொல்லவும் பயமாக இருந்தது. ஆகாது என்று போய்விட்டால் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ என்று இருந்தது.

"இரு. கேட்டுட்டு வந்துடறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரமாகவே மடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். பச்சைநாயகி கூடத்தில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, சாத்துக்குடித் தோல் ஆகுமா?"

"யாரு கேக்கறது?"

"பூவாத்தா. ஒரு சாக்கு சுமந்துக்கிட்டு வந்து பட்டறையில நிக்கறா. ஆகும்னு சொல்லட்டுமா, ஆகாதுன்னு சொல்லட்டுமா?"

பச்சைநாயகி கையிலிருந்த பழத்தை உரித்து முடித்தார். தோலைக் கூடையில் போட்டார்.

"ரெண்டும் சொல்லாதீங்கண்ணா. அவளையும் பக்கத்துல உட்கார வெச்சு அலசிப் பாருங்க."